வெரி குட், அடுத்த அணி

எல்லா அணிக்கும் மார்க் போட்டாயிற்று, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஆவுடையப்பனுக்கே தெரியாது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. தண்ணி அணி. அவர்கள் வைத்துக்கொண்ட பேர் வேறு, ஏதோ இங்கிலீஷ் பேர், வாயில் நுழையவில்லை. நேற்றிலிருந்து எல்லாரும் தண்ணி அணி என்றே சொல்கிறார்கள். மூன்று பெண்கள். பேசினவள் இசக்கிச்செல்வி. பேர் ஞாபகம் இருக்கிறது. ஊதாத் துப்பட்டா ஞாபகம் இருக்கிறது. "வணக்கம் சார், எங்க தெருவுல தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது" என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. "அதுக்குத்தான் சார் இந்த மிஸ்டு கால்" என்று முடித்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் அவர் தூங்கிவிட்டார். நடுவராக உட்கார்ந்து, முன்வரிசையில், சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு தூங்கிவிட்டார். தூங்கினதைக்கூட விட்டுவிடலாம். முழித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, "வெரி குட். அடுத்த அணி" என்றாரே. என்னத்தைக் கண்டு வெரி குட்? எதைப் பார்த்தார்? அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிச் சொல்லி, ஆள் இல்லாவிட்டாலும் வாய் தானாகச் சொல்கிறது. வாய் தனி, ஆள் தனி.

சரி, யோசித்துப் பார்ப்போம். தெருவில் தண்ணீர். அதற்குப் பிறகு என்ன சொன்னாள்? ஒரு குழாய் சத்தம் கேட்டது. முதலில் காற்று வரும், புஸ் என்று, பிறகு இருமும், பிறகு கொட்டும். அது நன்றாகக் கேட்டது. ஆனால் அதை அவர்கள் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்களா, இவர் கனவில் கேட்டதா? கனவில் தண்ணீர் லாரி வந்தது. அது கனவுதான், அதில் சந்தேகமில்லை, ஏனென்றால் லாரியை ஓட்டிவந்தது கல்லூரித் தாளாளர். விடுதிக்குப் பின்னால் லாரி நிற்கிறது, தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, மேலும் மேலும் ஊற்றுகிறார், போதும் சார் போதும் என்று இவர் கத்துகிறார், சத்தம் வரவில்லை. எங்கெங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வருகிறார்கள், குளிக்கத் தண்ணீர் வேண்டும், லாரி சொல்ல வேண்டும் என்று ஆடி மாதத்திலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது, அது போய்க் கனவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஹேக்கத்தான். ஆடிக்கு முன்னால் அந்தச் சொல்லையே அவர் சரியாக உச்சரித்ததில்லை. தாளாளர் கூப்பிட்டு, "பக்கத்துக் காலேஜ்காரன் நடத்திட்டான் சார். நாம நடத்தாம இருந்தா என்ன மரியாதை?" என்றார். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதி, ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானுக்கு ப்ளக் பாயிண்ட் வேண்டும். கருத்தரங்கக் கூடத்தில் நாலே நாலு ப்ளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும், அது புகையாமல் இருக்க வேண்டும், புகைந்தால் எலக்ட்ரீஷியன் வேண்டும், எலக்ட்ரீஷியன் போனை எடுக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல். பாய். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, வார்டன். எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தாலும் படுக்காத இன்டர்நெட். இட்லியா உப்புமாவா என்று தனியாக ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் உப்புமாவுக்கு எதிராக இரண்டு பேராசிரியர்கள் வெளிநடப்பு செய்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்று தப்பவில்லை. ராத்திரி பூராவும் நடந்துகொண்டே இருந்தார், ஒரு பெட்டியைப் பிடுங்கினால் இன்னொரு பெட்டி புகைந்தது. நடுவர் ஒருவர் காலையில் போன் செய்து பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியாது என்றபோதும் அலட்டிக்கொள்ளவில்லை. "நான் உட்காருதேன்" என்றார். அங்கேதான் தப்பு. இல்லை, அங்கே இல்லை. அதற்கு முன்னாலேயே ஜெபசெல்வி சொன்னாள். அவருடைய துறையில் உதவிப் பேராசிரியை, இதில் அவருக்கு அடுத்த ஆள், வாய் சும்மா இருக்காது. "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் டெமோ வைக்காதீங்க சார். அதுவும் நடுவருக்குத் தயிர்சாதம் போட்டுட்டு வைக்கவே வைக்காதீங்க. நம்ம பீரியடே அந்த நேரத்துல யாரும் கேக்கதில்ல." கேட்டாரா? "அவங்க பெரிய மனுசங்கம்மா, தூங்க மாட்டாங்க" என்றார். பெரிய மனுசன். ஊறுகாய் வேறு இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கண் எரிகிறது. இமைக்குள்ளே மணலைப் போட்டு உருட்டுகிற மாதிரி. முட்டிக்குக் கீழே கால் யாருடையதோ போலக் கிடக்கிறது. கூடத்தில் கூச்சல், பிள்ளைகள் டீ குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ராத்திரி தூங்காத பிள்ளைகள்தான் இவர்களும், எப்படிச் சிரிக்கிறார்கள்? ஒருத்தன் மேசையில் தலையை வைத்து வாயைப் பிளந்து தூங்குகிறான், கூட்டாளிகள் அவன் காதில் வயரைச் சொருகிப் போட்டோ எடுக்கிறார்கள். அவன் தூங்கலாம். அவன் காட்டி முடித்துவிட்டான். யார் கண்ணிலும் படாமல்தான் தூங்கினாரா? பக்கத்து நாற்காலியில் இன்னொரு நடுவர் கிளமென்ட், போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மூன்றாவது நடுவர், வங்கி மேலாளர், அவர் திரையைப் பார்த்தார். கூடம் முழுக்க இவர் முதுகைத்தான் பார்த்தது. இவர் முகத்தைப் பார்த்தது மேடையில் நின்ற மூன்று பெண்கள் மட்டும். கடைசியில் அவள் குரல் உயர்ந்தது. "அதுக்குத்தான் சார்" என்று, அந்த சாரை ஒரு தட்டுத் தட்டினாள். அதில்தான் முழிப்பு வந்தது. எழுப்புவதற்காகத் தட்டினாளா? இல்லை, பேச்சு அங்கே அப்படித்தான் முடியுமா? "சந்தேகம் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டாள். அதுவும் எல்லா அணியும் கேட்கிற கேள்விதான். ஆனால் இவரைப் பார்த்துக் கேட்டாள். மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டு இவரைப் பார்த்து. அதற்குத்தான் இவர் சொன்ன பதில் வெரி குட். அவள் வயரைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள். முகம் எப்படி இருந்தது? பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தாரா, பார்க்கப் பயந்தாரா?

அப்பா இப்படித்தான் ஆனார். கடைசி வருஷம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, உருண்டை கையில் இருக்க, வாய்க்குப் பாதி தூரத்தில் அப்படியே நின்றுவிடும். கண் மூடியிருக்கும். அப்பா, அப்பா என்றால் திறந்து, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதற்கும் வெரி குட்டுக்கும் என்ன வித்தியாசம்? ராத்திரி தூங்கவில்லை, அதனால் அசந்துவிட்டோம், எவனுக்கும் நடப்பதுதான். அப்படியென்றால் போன மாதம் துறைக் கூட்டத்தில்? அது வேறு, அது ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தது. பஸ்ஸில்? பஸ்ஸில் எல்லாரும்தான் தூங்குகிறார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது ஒரு தடவைதான். இரண்டு தடவை. வைகாசியில் ஓய்வு. அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். மனைவி பகவதி சொல்கிறாள், "வீட்டுக்குக் குளிக்கதுக்கு மட்டும் வாறீங்க, லாட்ஜு மாதிரி." குளிக்கத்தான் வருகிறார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. வீட்டுத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. அது எப்போது வருகிறது, எப்படி நிரம்புகிறது? தெரியாது. ஆடியிலிருந்து தண்ணீர் லாரிக்கு அலைந்த மனுசனுக்குத் தன் தெருவில் எந்தக் கிழமை தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரியாது. பகவதிக்குத் தெரியும். தெரியும் என்றால் எப்படி? அவளுக்கும் தெரியாது, அவள் காதுக்குத் தெரியும். அரைத் தூக்கத்தில் எழுந்து உட்காருவாள். "வருது" என்பாள். இவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவள் போய் மோட்டாரைப் போட்டுக் குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்கும், புரண்டு படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் முழுத் தூக்கம் தூங்கியிருப்பாளா? ஊருக்குப் போனால்கூட வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வந்தா பிடிச்சு வைங்க என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அதைத்தான் அந்தப் பெண் சொல்லவந்தாளோ? தெருவில் முதல் வீட்டில் தண்ணீர் வந்ததும் மற்ற வீடுகளுக்கு மிஸ்டு கால். அப்படித்தான் இருக்கும். பேசவேண்டாம், காசு போகாது, பழைய பட்டன் போனிலும் அடிக்கும், மணி அடித்தால் தண்ணீர் என்று அர்த்தம். அடடா, நல்லாயிருக்கிறதே. ஆனால் இது அவள் சொன்னதா, இவர் இப்போது ஜோடிப்பதா? நல்லாயிருக்கிறது என்று தன் யோசனைக்கே மார்க் போடப் பார்க்கிறார். அந்த முதல் வீட்டுக்காரி தூங்கிவிட்டால்? பட்டனை யார் அமுக்குவது? அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு அவள் பதில் வைத்திருந்தாளா? வைத்திருந்து, சொல்லியும் இருந்தால்?

கிளமென்ட் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சென்னையில் பெரிய கம்பெனி, ஒரு காலத்தில் இவரிடம் படித்தவன், இன்னும் இவர் முன்னால் காலாட்ட மாட்டான். "என்ன சார், யோசனை? தண்ணி டீமா? எனக்கு ஓகே சார். ஏழு போட்டேன். நீங்களும் ஏழு போட்டு விடுங்க, பொம்பளப் பிள்ளைகள், சந்தோசமாப் போவட்டும்." ஏன் ஏழு என்று கேட்டார். "ஏன்னா?" என்று கிளமென்ட் சிரித்தான். "ஆறு போட்டா சண்டைக்கு வருவாங்க, எட்டு போட்டா ஏன் எட்டுன்னு நீங்க கேப்பீங்க. ஏழுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க சார்." உண்மைதான். கேட்காமல் போடுகிற மார்க் ஏழு. அவன் பார்த்தானா, அவனும் போனில்தான் இருந்தானா? ஏழு. போட்டுவிடலாம். பேனா தாளைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்துவிட்டது. ஏழு போட்டால் அந்தப் பிள்ளைகள் மூன்றாவது, சென்னை இறுதிச் சுற்றுக்குப் போகும். ஐந்து போட்டால் குப்பை வண்டி எங்கே வருகிறது என்று காட்டிய பையன்கள் மூன்றாவது, அவர்கள் போவார்கள். அவர்களுடையதை இவர் முழுசாகப் பார்த்தார், அது சாப்பாட்டுக்கு முன்னால். பார்த்ததற்கு ஆறு போட்டார். பார்க்காததற்கு ஏழா? தூங்கினவன் தாராளமாகத்தான் போடுவான். வேண்டாம், ஐந்து போட்டால்? தூங்கினது இவர், ஐந்து அவர்களுக்கா? மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னால் என்ன? அது முடியாது. மறுபடி கிடையாது. அந்த விதியை எழுதினதே அவர்தான், நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டதும் அவர்தான். அதை வைத்துத்தான் இன்றைக்குக் காலையில் பஸ் அணியைக் கீழே இறக்கினார்.

அந்தப் பையன் மகாராஜன். கோவில்பட்டிப் பக்கம். எந்த பஸ்ஸில் உட்கார இடம் இருக்கிறது என்று காட்டுகிற புரோகிராம். நன்றாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் இன்டர்நெட் போய்விட்டது. இவருடைய இன்டர்நெட், படுக்காது என்று இவர் மார்தட்டிய இன்டர்நெட். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஒரு நிமிசம் சார். இந்தா வந்துரும் சார்." வரவில்லை. மணியை அடித்தார். "சார், நெட்டு எங்க தப்பு இல்லையே சார். கடைசியா ஒரு வாய்ப்பு தாங்க, ராத்திரி பூரா எழுதினது சார்." "தம்பி, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். இறங்கு." இறங்கினான். கீழே போய் யாரோ ஒருவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். இவருக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. கறாரான ஆள் என்று வங்கி மேலாளர் ஒரு பார்வை பார்த்தார், அதற்காகக் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். நிமிர்ந்த முதுகு சோறு உள்ளே போனதும் எங்கே போயிற்று? தண்ணி அணியை மேடைக்குக் கூப்பிட்டால் மகாராஜன் பார்த்துக்கொண்டிருப்பான். ஏன் அவங்களுக்கு மட்டும் என்பான். சொல்ல வேண்டும். தூங்கிட்டேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், ஊர் ஊராகப் போய்ச் சொல்வார்கள், அந்தக் காலேஜ் ஹேக்கத்தானில் நடுவர் தூங்கிவிட்டார் என்று. ப்ளக் பாயிண்ட், லாரி, பாய், இட்லி ஒன்றும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சி வெற்றி. தாளாளர் சால்வை போடுவார். தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என்ன சொல்லிவிடப்போகிறாள்? ஏழு வந்தால் வாயைத் திறக்கவே மாட்டாள். அந்த நினைப்பு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். இருபது வயசுப் பிள்ளையின் வாயை அடைக்கக் கணக்குப் போடுகிறோமா?

"சார், தாளைத் தாங்க" என்று ஜெபசெல்வி வந்து நின்றாள். அவளும் ராத்திரி தூங்கவில்லை. கண் இரண்டும் உள்ளே போய் அமர்ந்திருந்தது. "உங்க ஒரு ஆள் மார்க்குதான் பாக்கி. தண்ணியா குப்பையான்னு அதுலதான் நிக்குது. பரிசு கொடுக்க வர்ற கார்ப்பரேஷன் கமிஷனர் கார் பாலம் தாண்டிருச்சாம், தாளாளர் வாசல்ல சால்வையோட நிக்காரு."

"ரெண்டு அணி மறுபடி காட்டணும்."

"எதுக்கு?"

"ஒரு அணிக்கு நெட்டு போச்சு. இன்னொரு அணிக்கு நடுவர் தூங்கிட்டாரு."

ஜெபசெல்வி கிளமென்டைப் பார்த்தாள். கிளமென்ட் இரண்டு கையையும் தூக்கினான். "நான் இல்ல மேடம்! சத்தியமா போன்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"இவன் இல்ல, நான்தான்" என்றார் ஆவுடையப்பன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "தயிர்சாதம்" என்றாள், அவ்வளவுதான். பிறகு குரலை இறக்கி, "சார், வேண்டாம் சார். ஏதாவது ஒண்ணைப் போட்டுருங்க. இத்தனை மாசம் நாய் படாத பாடு பட்டிருக்கோம், கடைசி அரை மணி நேரத்துல போட்டு உடைக்கணுமா? கமிஷனர் வந்து நின்னா என்ன சொல்ல?"

"உட்காரச் சொல்லு. அவரும் பார்க்கட்டும். தண்ணி அவர் சமாச்சாரம்தானே."

மைக்கைக் கேட்டார். எழுந்து நின்றார். மைக் முதலில் கீச்சிட்டது, கூடம் காதைப் பொத்திக்கொண்டு திரும்பியது. பேசுவதற்கு நிறைய இருப்பதுபோலத் தோன்றியது. ராத்திரி, வயசு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வராத நடுவர். ஒன்றையும் சொல்லவில்லை. "பஸ் அணிக்கு எங்க நெட்டு போச்சு. மறுபடி காட்டாதேன்னு சொன்னது தப்பு. தண்ணி அணி காட்டும்போது நான் தூங்கிட்டேன். பார்க்காமலே வெரி குட்னு சொன்னேன். ரெண்டு பேரும் மறுபடி காட்டுங்க. முதல்ல தண்ணி."  பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தான். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது, மேசையில் தூங்கினவன்கூட எழுந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தான். கிளமென்ட் மட்டும் மெதுவாக, "நாங்க தூங்கினா வெளிய அனுப்புவீங்களே சார்" என்றான். இவர் காது கொதித்தது. கொதிக்கட்டும். மகாராஜன் ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தான், யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை, அவனுக்கு நேரமில்லை.

பெண்கள் பையைக் கட்டி முடித்திருந்தார்கள். வயரை மறுபடி அவிழ்த்து மாட்டினார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. இசக்கிச்செல்வி வந்து நின்றாள். அழுத முகம்தான், கழுவியிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மார்க் போடுவீங்களா சார்?"

 அவர் முன்வரிசைக்குப் போய் உட்காரப் போனார்.

"சார், உட்காராதீங்க" என்றாள் அவள். "இந்தத் தடவை நின்னுக்கிட்டே பாருங்க."

கூடம் மறுபடி சிரிக்கத் தயாரானது. ஆவுடையப்பன் நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டார். அவள் ஆரம்பித்தாள். எங்க தெருவுல தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. திரையில் ஒரு தெரு, வீடுகள், முதல் வீட்டில் ஒரு பச்சைப் புள்ளி. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம், தாளாளரின் குரல், வாங்க வாங்க. இவர் திரும்பவில்லை. கண்ணைக் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முதல் வீட்டுக்கு வருகிறது, முதல் வீட்டு அக்கா ஒரு பட்டனை அமுக்குகிறாள், தெரு முழுக்க மிஸ்டு கால் போகிறது. அவ்வளவையும் ஜோடித்துத்தான் வைத்திருந்தார், அவ்வளவும் சரி. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இரு. அந்த முதல் வீட்டு அக்கா தூங்கிட்டான்னா?"

ஊதாத் துப்பட்டா நின்றது. பக்கத்தில் மற்ற இரண்டு பெண்களும் இவரைப் பார்த்தார்கள். கமிஷனர் பின்னால் வந்து நிற்பது தெரிந்து கூடம் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று அசைந்தது.

"சார்" என்றாள் இசக்கிச்செல்வி, கறாராக. "அதுக்குத்தான் வாறேன். முழுசாக் கேளுங்க."

ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டார்.